உண்ணாமுலையின் கோபம் கூத்துக்குப் போன கதை

ஆற்காட்டு நவாபின் குதிரைகள் ஒரு மாதமும் மராட்டியர் குதிரைகள் மறு மாதமும் ஊருக்குள் புகுந்து வைக்கோல் போரைத் தின்றுவிட்டுப் போன அந்தக் காலத்தில், எந்தக் குதிரை யாருடையது என்று நின்று விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லாத அந்தக் காலத்தில், செய்யாற்றங்கரையில் நெல்வாய்த்தாங்கல் என்ற ஊரில் உண்ணாமுலை என்பவளுடைய கோபம் ஒருநாள் அவளை விட்டுக் கிளம்பி, அவள் புருஷனோடு கூத்துக்குப் போய்விட்டது.

புருஷன் அப்பாவு பெண் வேஷக்காரன். கோயிலில் ஆடும் தாசிகளுக்குச் சலங்கை உண்டு, மானியம் உண்டு. ஆனால் தெருவில் ஆடும் கூத்துக் களரியில் பெண்பிள்ளை கால் வைக்க ஓர் அடி மண்கூடக் கிடையாது. ராணி, தோழி, மாமியார், மோகினி எல்லாருமே மீசை மழித்த ஆண்பிள்ளைகள். பெண்களுக்கென்று விட்டிருந்தது களரிக்கு இடப்பக்கம் கொஞ்சம் தரை. அங்கே கைக்குழந்தைகளோடு உட்கார்ந்து, தாங்கள் எப்படி நடக்கிறோம், எப்படி வெட்கப்படுகிறோம், எப்படி அழுகிறோம் என்பதையெல்லாம் ஆண்பிள்ளைகள் செய்து காட்ட, விடிய விடியப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அவ்வளவு தாராளம் அந்தக் காலத்தில்.

அப்பாவு அழுதால் இடப்பக்கம் முழுக்க மூக்கைச் சிந்தும். வெட்கப்பட்டால் ஆண்கள் உட்கார்ந்த வலப்பக்கம் நெளியும். ஆனால் கோபம் மட்டும் அவனுக்கு வராது. அவன் இருந்த ஜமா என்கிற கூத்துக் குழு ஆடியது வச்சிரகேது ராஜன் கூத்து. வேட்டைக்குப் போன ராஜன் காட்டில் ஒரு மோகினியைப் பார்த்து வீட்டையே மறந்து, ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான், ராணி சிங்காரவல்லி அவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். அதற்கு வாசல் தர்க்கம் என்று பெயர். ஊர் ஜனம் காத்திருப்பதே அதற்குத்தான். அந்த இடம் வந்ததும் ராணி போய்விடுவாள்; புடவை கட்டிய அப்பாவு மட்டும் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான்.

"டேய், ஒன் ராணி கோவப்பட்டா எனக்குச் சிரிப்புதான் வருது," என்றார் ராஜன் வேஷம் கட்டும் நாகப்ப வாத்தியார். "கோவத்த இன்னாத்துக்கு ஊர் ஊரா தேடற. ஊட்டுக்குப் போய்ப் பாரு. அங்க எவ்ளோ கீது."

உண்மைதான், உண்ணாமுலையின் கோபம் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. வீணாய் வராது, வந்தால் பாதியில் நிற்காது. வாத்தியார் சொன்னதற்கு மறுநாளே அப்பாவு கொல்லைப் படலைச் சாத்தாமல் விட்டதில் ஆடு புகுந்து மூன்று பாத்தி கத்தரிக்கன்றை மேய்ந்துவிட்டது. கேழ்வரகுக் களி அடுப்பேறியதிலிருந்து இறங்கும்வரை அவள் பேசினாள். அவன் அடுப்பருகில் உட்கார்ந்து அவளை அப்படியே குடித்தான். முதல் வார்த்தையை எவ்வளவு மெதுவாக எடுக்கிறாள், முந்தானையை எப்போது செருகுகிறாள், கடைசிக் கேள்விக்கு முன்னால் எப்படி ஒரு மூச்சு நிறுத்துகிறாள் என்று ஒன்று விடாமல் பார்த்தான்.

வேற்றுப் பெண்ணிடம் ஒரு நடையையோ ஒரு சிரிப்பையோ கூத்துக்கு எடுத்தால், முன்னாலேயே வெற்றிலை பாக்கு வைத்து, "ஆயா, கொஞ்சம் எடுத்துக்கறேன்" என்று கேட்டுவிட வேண்டும் என்பது அந்த ஜமாவின் வழக்கம். அப்பாவு எல்லாரிடமும் ஒழுங்காகக் கேட்டவன்தான். ஆனால் சொந்தப் பெண்டாட்டியிடம் போய் யார் வெற்றிலை வைத்துக் கேட்பார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை நெல்வாய்த்தாங்கலிலேயே கூத்து. வாசல் தர்க்கம் வந்தது. ராணி சிங்காரவல்லி முந்தானையைச் செருகிக்கொண்டு, மிக மெதுவாக, "படலைத் தொறந்து போட்டது யாரு?" என்று கேட்டாள். ஏழு வருஷம் காட்டில் மோகினியோடு இருந்துவிட்டு வந்த ராஜன் திருதிருவென்று விழித்தான். மூன்று பாத்தி கத்தரிக்கன்று என்றாள் ராணி. ஆடு என்றாள். மழைக்கு முன்னால் கூரை வேய்கிறேன் என்று சொன்ன வாய் எங்கே என்றாள். ஐம்பத்தாறு தேசத்து ராணிக்குக் கத்தரிக்கன்று எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாத்தியார் கிரீடத்தோடு தலைகுனிந்து, "தப்புதான் தாயே," என்றார். இடப்பக்கத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். "ஏய், இது நம்ம உண்ணாமுல கோவம்டி."

உண்ணாமுலை தன் பெண் பூங்காவனத்தோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். திருவிழாக் கூட்டத்தில் தன் குழந்தையின் தலையை அடையாளம் காண்பது போல அவளும் அதை அடையாளம் கண்டாள். இடுப்பிலிருந்து குடத்தை இறக்கியது போல உடம்பு லேசாகிவிட்டது. மறுநாள் காலையில் அப்பாவு சரியாகக் கட்டாத கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு தாயிடம் பால் முழுவதையும் குடித்துவிட, அவள் எழுந்து அப்பாவுவைப் பார்த்து வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுவது போல அது இருந்த இடத்தைத் துழாவிப் பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டி குடிச்சிடுச்சி," என்று மட்டும் சொன்னாள்.

ஊர் இதை இரண்டே நாளில் பழகிக்கொண்டது. வெற்றிலை வைக்காமல் எடுத்ததால் அது கணக்கில்லாமல் போய்விட்டது, இனி தானாக வந்தால்தான் உண்டு என்றார்கள். பல வீட்டு ஆண்கள் தாங்களும் அடுப்பருகே உட்கார்ந்து பெண்டாட்டியின் கோபத்தை உற்றுப் பார்த்தார்கள். அகப்பைக் காம்பால் வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். ஏரிக்கரைப் பெண்களோ, அசலூரில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பற்றி விசாரிப்பது போல உண்ணாமுலையிடம் விசாரித்தார்கள்.

"ஒன் கோவம் நேத்து ஆரணிப் பக்கம் போச்சாமே. நல்லாக் கீதா?"

"நல்லாக் கீதாம். ரெண்டு ஊர்ல கேட்டு வந்துகிறாங்க."

"ரொம்ப அலையுது பாவம். ஒடம்பு இன்னாத்துக்கு ஆவறது."

ஆனால் கோபமில்லாத வீடு படல் இல்லாத கொல்லை மாதிரி. வாணியன் எண்ணெயைக் குறைத்து அளந்தான். பக்கத்துக் கொல்லைக்காரன் வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டினான். தப்பு என்று உண்ணாமுலைக்குத் தெரியும். அதைச் சொல்லவும் சொல்வாள். சொன்ன சொல் தண்ணீரில் போட்ட இலை மாதிரி மிதந்து போய்விடும். பார்த்துக்கொண்டிருந்த தெருப்பெண்கள் கூடிப்பேசி முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒருத்தி உண்ணாமுலைக்காகக் கோபப்படுவது. காலையில் வாசல் தெளித்ததும், "இன்னிக்கு யாரு மொற?" என்று ஒரு குரல் கேட்கும். "எம்மொறதான்" என்று யாராவது கொண்டையை முடிந்துகொண்டு வருவாள். வாணியன் அளவைத் திருத்திக்கொண்டான். வரப்பும் பழைய இடத்துக்கு வந்தது. உண்ணாமுலைக்கு அவர்கள்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. அந்த வருஷம் பூசணி காய்த்தபோது வீட்டுக்கு ஒன்று கொடுத்தனுப்பினாள்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு கதையே இல்லை.

மேல்மின்னலூர் மணியக்காரர் தாண்டவராயருக்குக் கூத்து என்றால் உயிர். வாசல் தர்க்கத்துக்காக ஜமாவை மூன்று தடவை கூப்பிட்டு ஆடவைத்தார். கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். மூன்றாம் தடவை, விடிந்து வேஷம் கலைத்து, அப்பாவுவின் முகத்தில் அரிதாரம் பாதி போயும் போகாமலும் இருந்த நேரத்தில், ஊர் பார்க்க அவன் தோளில் ஒரு சரிகைச் சால்வையைப் போட்டார். "இப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை அப்பாவு. உன் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாளாமே. எனக்குக் கொடு," என்றார். சால்வையின் கனம் தோளில் இருக்கும்போது எந்தக் கூத்தாடி இல்லை என்று சொல்லியிருக்கிறான்? அப்பாவு வாக்குக் கொடுத்துவிட்டான்.

தாண்டவராயருக்குப் பூங்காவனம் மூன்றாம் தாரம். முதல் மனைவி தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்தாள். தவறி விழுந்தாளா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாமவள் வந்து, மெலிந்து, தாய்வீட்டுக்குத் திரும்பி ஒரு மாதத்தில் கண்ணை மூடினாள். அந்த வீட்டில் பகலிலும் யாரும் உரக்கப் பேசுவதில்லை என்று அங்கே நாற்று நடப் போன பெண்கள் சொல்வார்கள். சேதி தெரிந்ததும் பூங்காவனம் நெல் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட வரவில்லை.

"வேணாம்யா," என்றாள் உண்ணாமுலை. "அது ரெண்டு பொண்ணத் தின்ன ஊடு. எம் பொண்ணுக்கு வேணாம்."

அப்பாவு அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். "நீ வாய்க்குத்தான் சொல்ற," என்றான். "நெஜமா வேணான்னா ஒனக்குக் கோவம் வந்திருக்காது?"

அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். துக்கம் இருந்தது, பயம் இருந்தது. இரண்டும் குடம் குடமாய் இருந்தன. ஆனால் இந்த வீட்டில் இத்தனை வருஷமாக அவள் சொல்லுக்குக் காலாக இருந்தது கோபம்தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைய முறைக்காரி குட்டியம்மா கொண்டையை முடிந்துகொண்டு வந்து, தெருவே கூடும்படி அப்பாவுவைக் கிழித்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எங்க ஊட்டு விஷயம்மே," என்று போய்விட்டான். அடுத்த நாள் முறைக்காரிக்கும் அதே பதில். இரவல் கோபம் எண்ணெய்க்கு ஆகும், வரப்புக்கு ஆகும். அப்பன் கொடுத்த வாக்குக்கு எதிரே அது செல்லவில்லை.

பரிசம் போட நாள் குறித்தார்கள். தாண்டவராயர் ஒரே ஒரு ஆசை சொல்லி அனுப்பியிருந்தார். தாம்பூலத் தட்டை ராணி சிங்காரவல்லி வந்து கொடுக்க வேண்டும், அந்தக் கோபத்தின் கையால் வாங்கினால் தமக்குப் பெருமை என்று. நாகப்ப வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "இடுப்புல ராணி கச்சயக் கட்னா அந்தக் கோவம் வந்துடுமே அப்பாவு."

"வரட்டுமே. கத்திரிக் கன்னு, ஆடு, கூர. அது அத்தத்தான பேசும். அவரும் அத்தக் கேக்கத்தான் ஆசப்படறாரு."

உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்த உண்ணாமுலையின் கை நின்றது. அவர்கள் சொல்வது சரி. அந்தக் கோபம் வீட்டை விட்டுப் போய் எத்தனையோ மாதம் ஆகிறது. படல் திறந்து கிடந்தது வரைக்கும்தான் அதற்குத் தெரியும். பூங்காவனத்துக்கு மாப்பிள்ளை பார்த்ததோ, அவள் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதோ அதற்குத் தெரியாது. அசலூருக்குப் போன உறவுக்கு வீட்டுச் சேதியை யார் போய்ச் சொல்வது? யாரும் சொல்லவில்லை, அதனால் அது பாட்டுக்குக் கத்தரிக்கன்றைப் பேசிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிகிறது.

பரிசத்தன்று காலை ஜமா ஆட்கள் பந்தலில் மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அப்பாவு முகத்துக்கு அரிதாரம் பூசி, கொண்டை வைத்து, கையில் புடவையோடு உள்ளே வந்து நின்றான். "நீயே கட்டிவுடு," என்றான். அவள் கொசுவம் வைத்துச் செருகினாள். கச்சையை எடுத்து அவன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, பின்னால் நின்று, முடிச்சை மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

அவனிடம் பேசவில்லை. "நம்ம பூங்காவனத்த மேல்மின்னலூர்ல கேட்டுகிறாங்க," என்றாள். "மூணாந்தாரம். மொதல்ல வந்தவ தோட்டத்துக் கெணத்துல வுழுந்துட்டா. நாத்து நடப் போனவங்க சொல்றாங்க, அந்தக் கெணத்துக்கு இன்னும் செவுரு இல்லியாம். ரெண்டாவதா வந்தவளும் பொழைக்கல. இந்தாளு ஒரு சால்வைக்கு வாக்குக் குடுத்துட்டாரு. பொண்ணு மூணு நாளா சரியாத் தின்னல. நான் வேணான்னு சொன்னேன். எஞ்சொல்லு காதுல ஏறல. நீ இல்லாம ஏறாது போலக் கீது."

"இன்னா மொணமொணக்கற?" என்றான் அப்பாவு.

"ஒன்னுமில்ல," என்று சொல்லி முடிச்சை இழுத்து இறுக்கினாள். அவன் முதுகு நிமிர்ந்தது.

பந்தலில் கூட்டம் பழக்கத்தால் வலமும் இடமுமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. தாண்டவராயர் நடுவில், கண் பாதி மூடி, கேட்கத் தயாராக இருந்தார். அவருடைய அக்காள் பூத்தட்டோடு பக்கத்தில் இருந்தாள். புருஷனைப் பிரிந்து தம்பி வீட்டிலேயே காலம் தள்ளுபவள், அதிகம் பேசாதவள். ராணி வந்தாள். தாம்பூலத் தட்டைத் தரையில் வைத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"வாக்குக் குடுத்தது யாரு?" என்று மிக மெதுவாகக் கேட்டாள்.

நாகப்ப வாத்தியார் பழக்க தோஷத்தில் எழுந்து, "அடி சிங்காரவல்லி," என்று தொடங்கினார்.

"நீ ஒக்காரு நாகப்பா. அப்பாவு எங்க? கூப்டு அவன."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்வது அந்த ஊரில் இல்லாத வழக்கம். பிறகு அதே வாயிலிருந்து, உள்ளே ரொம்ப தூரத்திலிருந்து வருவது போல, அப்பாவுவின் சொந்தக் குரல் வந்தது.

"இங்கதான் கீறேன்."

"பொண்ணக் கேட்டியா?"

"இல்ல."

"என்னக் கேட்டியா?"

"நீ வேணான்னுதான் சொன்ன. ஆனா ஒனக்குக் கோவமே வரலயே."

"எங்கேந்து வரும்? அத்தத்தான் நீ இடுப்புல கட்டிக்கினு ஊர் ஊரா சுத்தறியே."

வலப்பக்கம் கொஞ்சம் சிரித்தது. ராணி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"சால்வ போட்டாங்களா?"

"போட்டாங்க."

"எதுக்குப் போட்டாங்க?"

"நல்லா ஆடினேன்னு."

"ஆடினது யாரு?"

அரிதாரம் பூசிய முகத்தில் வாய் மட்டும் இரண்டு தரம் திறந்து மூடியது. "நீ," என்றது அப்பாவுவின் குரல் கடைசியில்.

"ஒனக்கு வந்த சால்வயில்ல அது. அதுக்கு எம் பொண்ணக் குடுத்துகிற."

பூங்காவனம் குதிருக்குப் பின்னாலிருந்து எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராணி இப்போது தாண்டவராயர் பக்கம் திரும்பினாள். அவர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். தர்க்கம் அவ்வளவு நன்றாக இருந்தது.

"மணியக்காரரே. ஒங்க மொத சம்சாரம் எந்தக் கெணத்துல வுழுந்தாங்க?"

களரியில் வேஷக்காரன் கேட்டால் உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்வது கூத்து மரியாதை. "தோட்டத்துக் கிணறு," என்றார் அவர்.

"அதுக்கப்பறம் அதுக்குச் செவுரு எடுத்தீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"இல்லை."

"ரெண்டாவதா வந்தவங்களும் அங்கதான் தண்ணி சேந்தினாங்களா?"

"ஆமாம்."

ராணி ஒரு மூச்சு நிறுத்தினாள். அந்த நிறுத்தம் நெல்வாய்த்தாங்கலில் எல்லாருக்கும் தெரிந்த நிறுத்தம். "எம் பொண்ணு எந்தக் கெணத்துல சேந்தணும்?"

தாண்டவராயரோடு வந்தவர்கள் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய அக்காள்தான் முதலில் எழுந்தாள். பூத்தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள். அவள் போய் ஏறி உட்கார்ந்தபின் மற்றவர்களும் எழுந்தார்கள். தாண்டவராயர் கடைசியாக எழுந்து, "நல்ல தர்க்கம்," என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார். அவர் அதற்குமேல் அந்த ஜமாவைக் கூப்பிடவேயில்லை.

பந்தல் காலியானதும் உண்ணாமுலை அவனை உள்ளே அழைத்துப் போய்க் கச்சையை அவிழ்த்தாள். அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். பூங்காவனம் ஒரு சட்டி நிறையக் கூழ் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தை உண்ணாமுலை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

"நான் வேணா வெத்தல வச்சித் திருப்பிக் குடுத்துடறேன்," என்றான் அப்பாவு. "எடுத்துக்கயேன்."

எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எப்படிக் கொடுப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எம்மேல கோவமா?" என்று கேட்டான்.

அவள் உள்ளே துழாவிப் பார்த்தாள். "இருந்தா கோவந்தான்," என்றாள். "அதான் ஒங்கிட்ட கீதே. நீயே ஒம்மேல கோவப்படு."

அவன் எழுந்து, முகத்தில் அரிதாரம் அப்படியே இருக்க, புடவையைக் களைந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தை எடுத்து ஏரிக்குக் கிளம்பினான். படித்துறையில் பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். கரைமேல் ஒரு பெண்குரல் மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டு, நடுவில் ஒரு மூச்சு நிறுத்திப் பிறகும் பேசிக்கொண்டு வந்தது. குட்டியம்மா நிமிர்ந்து பார்த்தாள். புடவையும் இல்லை, கச்சையும் இல்லை. வெறும் அப்பாவு, தலையில் குடத்தோடு, தன்னைத் தானே திட்டிக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தான்.

"யாருடி அது?" என்றாள் துணி துவைத்துக்கொண்டிருந்த இன்னொருத்தி.

"உண்ணாமுல கோவம். அவங்கிட்ட பேசிக்கினு கீது," என்ற குட்டியம்மா அவன் இறங்க வழிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.